கட்டத்தாளில் மயில்

சிறுமுகைப் பட்டுச்சேலை தறியில் ஏறுவதற்கு முன்பு கட்டம் போட்ட தாளில்தான் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம் போகும் வழியில், பவானி ஆற்றை ஒட்டி இருக்கும் இந்த நெசவூரில் அந்தத் தாளை ‘கிராப்’ என்று சொன்னார்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் அச்சிட்ட தாள். எட்டுக் கட்டத்துக்கு ஒருமுறை தடித்த கோடு ஓடும். அதன்மேல் பென்சிலில் ஒரு மயிலோ மாங்காயோ கொடியோ வரையப்படும். பிறகு மெல்லிய தூரிகையால் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கட்டம் கட்டமாக நிறம் நிரப்பப்படும். எட்ட நின்று பார்த்தால் மயில் தெரியும். கிட்டே போனால் நிரம்பிய கட்டமும் நிரம்பாத கட்டமும்தான். முந்திக்கான பெரிய வரைபடத்துக்கு ஒரு தாள் போதாது. நாலைந்து தாள்களைப் பசை தடவி ஒட்டி, சுருட்டி, பழைய ரவிக்கைத் துணியில் கட்டிப் பரணில் செருகி வைப்பார்கள். 1970களிலும் 80களிலும் அந்தப் பக்கத்துத் தறி வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தறிச்சத்தம் எவ்வளவு நினைவிருக்கிறதோ, அந்தச் சுருள்களைத் தொடக்கூடாது என்று வாங்கிய திட்டும் அவ்வளவு நினைவிருக்கும்.

உடை வரைபடம் என்றதும் படித்தவர்கள் மனத்தில் வருவது வேறொரு சித்திரம். 1947 பிப்ரவரி 12 அன்று பாரிஸ் அவென்யூ மோந்தேன் 30ஆம் எண் கட்டடத்தில் கிறிஸ்தியன் டியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். அவருக்கு முதல் போட்டவர் மார்செல் பூசாக் என்ற பருத்தி ஆலை முதலாளி. போர்க்காலத் துணிப் பங்கீட்டில் ஒடுங்கிப் போயிருந்த ஐரோப்பாவில், இடுப்பைச் சிறுக்கிக் கீழே கஜம் கஜமாகத் துணியை விரித்துவிட்ட பாவாடைகள் அவை. பத்திரிகைகள் அவற்றுக்கு ‘நியூ லுக்’ என்று பெயர் வைத்தன. தொகுப்பு தொடங்கும் காலத்தில் டியோர் எங்காவது ஒதுங்கி உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த காகிதத்தில் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக நூற்றுக்கணக்கில் வரைவார். அவற்றில் முகம் இருக்காது, விரல் இருக்காது. நீண்ட கழுத்து, ஒடுங்கிய இடை, கீழே வீசிப் போகும் இரண்டு மூன்று கோடுகள். அந்தக் கோடுகள்தான் உடை. தையற்கூடத்துத் தலைவிகள் அதைப் பார்த்து, வெள்ளைப் பருத்தித் துணியில் மாதிரி தைத்து, கோடு சொன்ன வீச்சு துணியில் வருகிறதா என்று பார்ப்பார்கள். டியோர் 1957இல் இறந்தார். பத்தே ஆண்டு வேலை; உலகம் முழுக்க உடை வரைபடம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற பழக்கத்தை அது உண்டாக்கிவிட்டுப் போயிற்று.

அதே பாரிஸில் வரையாதவர்களும் இருந்தார்கள். மதாம் கிரே என்ற பெயரில் உடை செய்தவர் சிற்பியாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். பட்டு ஜெர்சித் துணியை நேராகப் பெண்ணுடலின்மேல் போட்டு, மடித்து, ஊசி குத்தி, நூற்றுக்கணக்கான நுண்மடிப்புகளாக இறக்கிவிடுவார். கிரேக்கச் சிலைகளின் ஆடையைப் போல விழும் உடைகள் அவருடையவை. 1950களின் பிற்பகுதியில் அவர் இந்தியாவுக்கும் வந்துபோனார். துணியை வெட்டாமல், தைக்காமல், உடம்பில் சுற்றியே மடிப்பு எடுக்கும் தேசத்துக்கு வர அவரைவிடப் பொருத்தமானவர் பாரிஸில் இருந்திருக்க முடியாது.

கட்டத்தாளில் வரையும் கொங்கு நாட்டு டிசைன் மாஸ்டருக்குப் பெண்ணுருவம் வரைய வேண்டிய வேலையே இல்லை. சேலையின் வீச்சையும் மடிப்பையும் கட்டுகிறவள் பார்த்துக்கொள்கிறாள். கொசுவத்தை முன்னால் வைப்பதா, கொங்குக் கிராமத்துப் பாட்டிமார் மாதிரிப் பின்கொசுவம் வைப்பதா, முந்தியை எவ்வளவு நீளம் விடுவது என்பதெல்லாம் காலையில் கண்ணாடி முன்னால் முடிவாகும் விஷயங்கள். மாஸ்டர் கையில் இருப்பது ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறக்குறைய 48 அங்குல அகலமும் கொண்ட ஒரு தட்டைத் துணி, அதோடு ரவிக்கைக்கு இன்னும் முக்கால் மீட்டர் சொச்சம். அந்தத் தட்டைத் துணியில் எந்த இடத்தில் எந்த நூல் மேலே வர வேண்டும் என்று சொல்வதுதான் அவர் வரைபடம். பாரிஸ் வரைபடம் தையற்காரிக்கு ஒரு யோசனையைச் சொல்லும். சிறுமுகை வரைபடம் தறிக்குக் கட்டளை போடும். ஒரு கட்டம் தப்பினாலும் துணியில் அந்தத் தப்பு அப்படியே வரும்.

தறிக்குக் கட்டளை போடும் அந்த ஏற்பாடும் பிரான்சிலிருந்து வந்ததுதான். பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய பொறி அது. அவருக்கு முன்பே 1725இல் பூஷோன் துளையிட்ட காகிதச் சுருளையும், அடுத்த சில ஆண்டுகளில் ஃபால்கோன் துளையிட்ட அட்டைகளையும் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். வோகான்சோன் அதை இன்னும் கொஞ்சம் முன்னே கொண்டுபோனார். ஜக்கார்டு இவற்றையெல்லாம் சேர்த்து, ஒரே நெசவாளி மிதித்து ஓட்டக்கூடியதாக ஆக்கினார். பெயர் அவருக்குப் போயிற்று. கோவைப் பக்கம் அது ‘ஜக்காடு’ என்று வாயில் நுழைந்து, தறிக்குமேல் உத்தரத்தில் ஏறி உட்கார்ந்தது.

அதன் வேலை இவ்வளவுதான். பெட்டிக்குள் வரிசையாகக் கொக்கிகள் நிற்கும். 120, 240 என்று பெட்டிக்குப் பெட்டி எண்ணிக்கை மாறும். ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் கயிறு இறங்கிப் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாட்டு நூலைப் பிடித்திருக்கும். பக்கவாட்டில் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ஊசி. நாலு முகம் கொண்ட கட்டை ஒன்று, மிதிக்கு ஒருமுறை திரும்பி, ஒரு அட்டையை அந்த ஊசிகள்மேல் கொண்டுபோய் அழுத்தும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். கொக்கி நகராது, தூக்கப்படும், பாவு நூல் மேலே வரும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும். கொக்கி விலகி நிற்கும், நூல் கீழேயே கிடக்கும். மேலும் கீழும் பிரிந்த நூல்களுக்கு நடுவில் நாடா ஓடும். ஓர் ஊடை, அதாவது ஒரு குறுக்கு நூல் முடிந்தது. அடுத்த மிதி, அடுத்த அட்டை. 1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் கணக்குப்பொறி கட்ட முயன்ற சார்ல்ஸ் பாபேஜ் அந்தப் படத்தில் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருந்தார்.

கொங்கு நாட்டு நெசவு முழுவதும் இந்த வரைபடத்தை நம்பி இருந்ததாக நினைக்கக்கூடாது. பவானி ஜமக்காளத்தின் வண்ணப் பட்டைகளுக்குத் தாள் வேண்டாம். எந்த நிறம் எத்தனை விரற்கடை என்பது நெசவாளியின் கையிலேயே இருக்கிறது. பழைய நெகமம் சேலையின் கோடும் கட்டமும் பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடும். கோரா காட்டன், சாப்ட் சில்க் என்று கோவை மாவட்டத் தறிகள் கரையிலும் உடலிலும் புட்டா என்ற நெய்த உருவங்களைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் டிசைன் மாஸ்டருக்கு மவுசு வந்தது.

மாஸ்டரிடம் வேலை வருவது பெரும்பாலும் வாய்ச்சொல்லாகத்தான். ஜவுளிக்காரர் ஒருவர் வந்து, ஒரு கல்யாணத்தில் பார்த்த காஞ்சிபுரம் சேலையின் கரையை விரலால் காற்றில் போட்டுக் காட்டுவார். சினிமாவில் நாயகி கட்டிய சேலை என்பார். மல்லிமொக்கு, வைரஊசி, ருத்ராட்சம், கோபுரம், அன்னப்பட்சி, யாளி என்று தமிழ்நாட்டுப் பட்டு நெசவில் புழங்கும் பெயர்களில் ஒன்றைச் சொல்லி, ‘ஆனா அதே மாதிரி இருக்கக்கூடாதுங்க’ என்றும் சொல்வார். கோலப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பேரூர் பட்டீசுவரர் கோயில் தூண் என்று மாஸ்டர் பார்க்காத இடமில்லை. கண்ணில் பட்டதை முதலில் வெள்ளைத்தாளில் பென்சிலால் போடுவார். சேலையின் கதையில் வளைவும் வீச்சும் உள்ள கோடு வரும் ஒரே இடம் இதுதான். டியோரின் சின்னப் படங்களுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்ததும் இதுதான். கெட்ட காலம், கிராப் முடிந்ததும் முதலில் கசக்கி எறியப்படுவதும் இதுவே.

வெள்ளைத்தாளிலிருந்து கட்டத்தாளுக்குப் போகும் இடத்தில்தான் மாஸ்டர் யார், கற்றுக்குட்டி யார் என்று தெரியும். கட்டத்தாளில் நெட்டு வரிசை ஒன்று ஒரு பாவு நூல். குறுக்கு வரிசை ஒன்று ஓர் ஊடை, அதாவது ஓர் அட்டை. ஒரு சேலையில் அங்குலத்துக்கு 80 பாவு நூலும் 60 ஊடையும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு வட்டமான பொட்டு வேண்டும் என்றால் குறுக்கே 80 கட்டமும் நெட்டுக்கு 60 கட்டமும் எடுக்க வேண்டும். சமச்சதுரக் கட்டம் போட்ட தாளில் அது படுத்துக் கிடக்கும் நீள்வட்டமாகத் தெரியும்; தறியில் வட்டமாகிவிடும். தெரியாதவர் தாளில் அழகான வட்டம் போட்டு 60க்கு 60 எடுத்தால், துணியில் முக்கால் அங்குல அகலமும் ஓர் அங்குல நீளமுமாகக் கோழிமுட்டைதான் வரும். இதற்காகவே எட்டுக்கு ஆறு, எட்டுக்குப் பத்து என்று விகிதம் மாறிய கட்டத்தாள்கள் உண்டு. அவை கைக்குக் கிடைக்காத ஊர்களில் மாஸ்டர்கள் சாதாரணத் தாளிலேயே, கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிற மயிலைத் தெரிந்தே வரைந்தார்கள். தாளில் சப்பையாக இருக்கும் மயில் சேலையில் நிமிர்ந்து நிற்கும் என்பது அவர்கள் மனக்கணக்கு.

அடுத்த கணக்கு இன்னும் நுட்பமானது. தறியில் சேலையின் நீளம் நெசவாளியின் முன்னால் நெடுக ஓடுகிறது. கட்டும்போது அந்த நீளம் இடுப்பைச் சுற்றிப் படுக்கையாகப் போகிறது. பெரிய கரை காலடிக்கு வருகிறது. ஆகையால் உடலில் நிற்கும் மயில் தறியில் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும், கால் பெரிய கரைப் பக்கம் இருக்கும்படி. முந்தியில் கதை மாறிவிடுகிறது. முந்தி தோளில் ஏறி முதுகில் தொங்குகிறது. அங்கே சேலையின் நீளம் செங்குத்தாக விழுகிறது. எனவே முந்தி மயில், சேலை முடியும் ஓரத்தை நோக்கிக் காலை வைத்து நிற்க வேண்டும். ஒரே சேலை, ஒரே மயில். வரைபடத்தில் ஒன்று படுத்தும் ஒன்று நின்றும் இருக்கும். போதாக்குறைக்குப் பல தறிகளில் சேலையின் பின்பக்கம் மேலே தெரியும்படி நெய்வார்கள், தூக்க வேண்டிய நூல் குறையும் என்பதற்காக. அப்போது தாளில் இடப்பக்கம் பார்க்கும் மயில் துணியில் வலப்பக்கம் பார்க்கும். இடப்பக்கம் பார்க்க வேண்டிய மயில்கள் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்து நின்ற சேலைகளும் உண்டு. அவற்றைத் தள்ளுபடியில் வாங்கிக் கட்டியவர்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது.

ஆக, டிசைன் மாஸ்டர் பெண்ணுருவத்தை வரையவில்லையே தவிர, அதை மறந்து வரையவும் முடியாது. இடுப்பில் செருகி மறையும் முதல் முழத்தில் புட்டா போட்டால் ஜரிகை வீண். கொசுவத்தில் மடிந்து போகும் இடத்தில் பெரிய உருவம் போட்டால் மயிலின் தலை ஒரு மடிப்பிலும் வால் இன்னொரு மடிப்பிலும் போய்விடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் உடலுக்குச் சின்னப் புட்டாவையும், மடியாமல் விரிந்து தெரியும் முந்திக்குப் பெரிய உருவத்தையும் ஒதுக்கினார்கள். மெல்லிய நூலில் நெய்த சாப்ட் சில்க் உடம்போடு ஒட்டி விழும். அதில் கனமான ஜரிகைப் புட்டாவை நெருக்கிப் போட்டால் அந்த விழுகை கெட்டு, துணி விறைத்துக்கொள்ளும். ஒரு சேலை எப்படி விழும் என்பதில் பாதி நூலில் இருக்கிறது. மீதி, தாளில் காலியாக விட்ட கட்டங்களில் இருக்கிறது. பாரிஸ்காரர் கோடு போட்டுச் சொன்னதை இவர் கோடு போடாமல் விட்டுச் சொன்னார் என்றே கணக்கு வைக்கலாம்.

இன்னொரு தொல்லை மிதவை. ஜரிகையோ வண்ண ஊடையோ பாவுக்குள் இறங்காமல் நீளமாக மேலேயே ஓடினால், அது வளையலில் மாட்டும். குழந்தை விரலில் மாட்டும். இரண்டு கல்யாணத்துக்குள் பிரிந்து தொங்கும். அதனால் இலையின் நடுவிலோ மயில் தோகையின் அகலமான பாகத்திலோ நூலைக் கீழே இறக்கிக் கட்டிப்போட ஆங்காங்கே ஒரு கட்டத்தைக் காலியாக விட வேண்டும். எங்கே விடுவது என்பதில்தான் கைவரிசை. சும்மா வரிசையாக விட்டால் அது கோடாகத் தெரிந்து உருவத்தைக் கிழிக்கும். நல்ல மாஸ்டர் அந்தக் காலிக் கட்டங்களையே இலை நரம்பாகவும் தோகைக் கண்ணாகவும் மாற்றிவிடுவார். சேலையில் நரம்போடு ஓர் இலையைப் பார்க்கும் பெண்ணுக்கு, அது அழகுக்காக வந்த நரம்பு என்றுதான் தோன்றும்.

கிராப் முடிந்ததும் அட்டை அடிக்கிறவரிடம் போகும். மூன்று அங்குலப் புட்டாவுக்கு, அங்குலத்துக்கு 60 ஊடை என்ற கணக்கில் 180 அட்டை. 240 கொக்கிப் பெட்டி முழுவதையும் பயன்படுத்தினால் 43,200 கட்டங்களில் ஒவ்வொன்றையும் பார்த்து, துளை உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். ஒருவர் வரியைப் படித்துச் சொல்ல, இன்னொருவர் விரல்களால் விசைகளை அழுத்தி, காலால் மிதித்துத் துளை போடுவார். படித்த வரியின்மேல் ஒரு அடிக்கோல் நகர்ந்துகொண்டே வரும். கண் ஒரு வரி தப்பினால் தீர்ந்தது. அடித்த அட்டைகளுக்கு எண் போட்டு, நூல் கயிற்றால் ஒன்றோடொன்று கோத்து, மாலையாகக் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டு அட்டை இடம் மாறிக் கோக்கப்பட்டால் மயிலின் கழுத்தில் ஒரு வெட்டு விழும்; அந்த வெட்டு ஒவ்வொரு மயிலிலும் அதே இடத்தில் வந்துகொண்டே இருக்கும்.

தறி வீட்டுக்கு வந்த பிறகும் வரைபடம் அப்படியே துணியாவதில்லை. கோவை வட்டாரத்து நெசவாளரில் பெரும்பகுதியினர் தேவாங்கர். வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ, வெளியே கொங்குத் தமிழ், கும்பிடுவது சௌடேசுவரி அம்மனை. வீட்டில் கணவன் தறியில் இருந்தால் மனைவி தார் சுற்றுவாள். பெரியவர்கள் பாவில் அறுந்த இழையைப் பிணைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை. ஊடையை நெருக்கும் பலகையை அழுத்தி அடிக்கிற கையில் அங்குலத்துக்கு ஊடை கூடும். உருவம் பாவு வாட்டில் குறுகும். தளர்ந்த கையில் அது நீளும். ஒரே அட்டையை ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்குக் கொடுத்தால் முந்தியில் ஒரு வீட்டு மயில் குண்டாகவும் அடுத்த வீட்டு மயில் ஒல்லியாகவும் வருவதற்கு இதுதான் காரணம். ‘ஏனுங்க மாஸ்டர், மயிலு குண்டா வந்திருக்குதுங்க’ என்று நெசவாளி அட்டைமேல் பழி போடுவதும், ‘பலகைய அந்த அடி அடிச்சா குண்டாத்தானுங்க வரும்’ என்று மாஸ்டர் கைமேல் பழி போடுவதும் அந்தத் தெருக்களில் தினப்படி நடந்த வழக்குகள். பெரும்பாலும் மாஸ்டர் சொன்னதுதான் சரி. ஆனால் நல்ல மாஸ்டர் அத்தோடு விடமாட்டார். எந்த வீட்டுத் தறிக்கு என்று கேட்டுக்கொண்டு, அந்தக் கைக்கு ஏற்றபடி நாலு வரி கூட்டியோ குறைத்தோ வரைந்து கொடுப்பார்.

மழைக்காலம் தனிச் சோதனை. ஐப்பசி மழையில் குழித்தறி வீட்டின் ஈரம் அட்டையில் ஏறும். ஈரம் ஏறிய அட்டை உப்பும். துளை மயிரிழை நகரும். ஊசி உள்ளே போகாமல் முட்டிக்கொண்டு நிற்கும். தீபாவளிக்குச் சேலை கேட்டு ஜவுளிக்காரர் வாசலில் நிற்கும் அதே வாரத்தில்தான் இது நடக்கும். அட்டை மாலையைக் கழற்றி அடுப்பங்கரையில் காயவைப்பார்கள். எலிக்கும் அந்த அட்டை பிடிக்கும்.

வரைந்தவரின் பெயர் சேலையில் எங்கும் வராது. டியோரின் தாளில் அவர் பெயர் இருந்தது, உடையின் உள்பட்டியில் இருந்தது, கடை வாசலில் இருந்தது. சிறுமுகைச் சேலையில் கடையின் பெயரோ சங்கத்தின் பெயரோ இருக்கும். கூலி வரைபடத்துக்கு இவ்வளவு என்றும் அட்டைக்கு இவ்வளவு என்றும் ஒரே ஒருமுறை கைக்கு வரும். அந்த அட்டையில் பத்துச் சேலை நெய்தாலும் ஆயிரம் நெய்தாலும் மாஸ்டருக்கு வேறு வரவு கிடையாது. ஒரு வடிவம் நன்றாக விற்றால் யாராவது அந்தச் சேலையைக் கடையில் விலைக்கு வாங்கி, பின்பக்கம் திருப்பிப் போட்டு, நூல் எண்ணும் கண்ணாடியை வைத்து ஊடை ஊடையாகப் படித்து, புதுக் கட்டத்தாளில் ஏற்றிவிடுவார். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்கு அது போய்விட்டால் கைத்தறிச் சேலை விலையில் தோற்றது. 1985இல் வந்த கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் வடிவத்தைப் பதிவு செய்யவும் வழி வைத்திருக்கிறது. பதிவுக்குப் போய் நிற்கும் வசதி தெருவோர மாஸ்டருக்கு இருந்ததில்லை என்பதுதான் நடைமுறை. கோவை கோரா காட்டன் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்குப் பெருமை. ஆனால் அந்தக் குறியீடு ஊரின் பெயரைத்தான் காக்கும். ஒரு மயிலின் கழுத்து வளைவைக் காக்காது.

அரசாங்கமும் இதில் கை வைக்காமல் இல்லை. 1950களில் புபுல் ஜயகரின் முயற்சியில் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டபோது, ஓவியக் கல்லூரியில் படித்த கலைஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தித் தறிக்கு வடிவம் வரைய வைத்தார்கள். ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன் பம்பாயில் அப்படி வேலை பார்த்தவர். சென்னையில் ரெட்டப்ப நாயுடு. சேலத்தில் 1960இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டத்தாள் வரைவது பாடமாகவே இருந்தது. அங்கே படித்து வந்தவர்களும், யாரிடமும் படிக்காமல் அண்ணன் தம்பியைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களும் ஒரே தெருவில் தொழில் செய்தார்கள். இரண்டாமவர்களின் மயிலில் உயிர் கூடுதல் என்று சொல்லும் நெசவாளர்கள் உண்டு. அது கொஞ்சம் ஊர்ப்பாசமாகவும் இருக்கலாம்.

1990களின் பிற்பகுதியில் கணினி வந்தது. திரையிலும் கட்டம்தான், நிரப்பியது நிரப்பாதது என்ற கணக்குதான். விகிதத்தை மென்பொருளே சரிசெய்துவிடும். நீண்ட மிதவையைத் தேடிச் சிவப்பில் காட்டிவிடும். மயிலை ஒரு சொடுக்கில் எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு பகலில் முடிகிறது. அட்டையை இயந்திரமே அடிக்கிறது. மின்னணு ஜக்கார்டு உள்ள தறிக்கு அட்டையே வேண்டாம். கண் பார்வை கெட்டுப்போகும்வரை கட்டம் நிரப்பியவர்களின் பிள்ளைகள் இதற்காக வருத்தப்பட மாட்டார்கள், வருத்தப்படவும் தேவையில்லை. இழப்பு ஒன்று உண்டென்றால், திருத்தம் மறைந்துபோனது. பழைய கிராப்பில் ஒரு கொடியை இரண்டு கட்டம் தள்ளி வெள்ளை வர்ணம் பூசி மாற்றிய இடம் தடிப்பாகத் தெரியும். ஓரத்தில் பென்சிலில் கணக்கு இருக்கும். நெசவாளி பெயரின் முதல் எழுத்து இருக்கும். ஒரு மனிதர் எப்படி யோசித்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. கணினிக் கோப்பில் கடைசி வடிவம் மட்டும் நிற்கிறது.

இன்றைய கோவைக் கல்லூரிகளில் உடை வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகள் முதல் ஆண்டில் வரையக் கற்பது பாரிஸ் வழிப் பெண்ணுருவம்: உண்மையான உடம்பைவிட நீட்டி, ஒன்பது தலை உயரத்துக்கு. திருப்பூரில் வேலைக்குப் போனதும் அந்த நீட்டிய பெண் காணாமல் போகிறாள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வரும் ‘டெக் பேக்’கில் உடம்பே இல்லாத தட்டைச் சட்டைப் படமும், சென்டிமீட்டர் கணக்கும், தையல் வகையும்தான் இருக்கும். பின்னலாடைத் தொழிற்சாலையின் மாஸ்டர் அதைப் பார்த்துத் துணி வெட்டுகிறார். கைக்கு வேலை சொல்லும் வரைபடம் எப்போதும் இப்படி வறண்டுதான் இருக்கும் போலிருக்கிறது. கிராப்பும் இந்த ஜாதிதான். ஆனால் இந்தக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைக்கு டியோரின் கோட்டைத் தெரியும். முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளிச் சிறுமுகையில் வரைந்த கட்டத்தாளைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு.

காரணம் எளிது: பார்ப்பதற்கு எங்கும் வைக்கவில்லை. டியோரின் படங்கள் பாரிஸில் 2022இல் திறந்த கூடத்திலும், அவர் சின்ன வயதில் வாழ்ந்த கிரான்வில் வீட்டு அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. லியோனின் துணி அருங்காட்சியகம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டு வரைஞர்களின் கட்டத்தாள்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. சிறுமுகை மாஸ்டர் செய்த அதே வேலை, அதே கட்டங்கள். இங்கே கிராப் சுருள்கள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போயின. அட்டைகள் குளிருக்கு அடுப்பில் எரிந்தன.

பரணில் இன்னும் சுருள் வைத்திருக்கும் வீடுகள் சிறுமுகையிலும் கோவையிலும் சுற்றுப்பட்ட நெசவூர்களிலும் இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது அதைக் கடைக்குப் போடாதீர்கள். தாளின் பின்பக்கம் பென்சிலால் வரைந்தவர் பெயர், ஊர், ஏறத்தாழ எந்த வருஷம், எந்தச் சேலைக்கு என்று நாலு வரி எழுதுங்கள். தாத்தா பெயர் தெரியும்போதே எழுதிவிடுவது நல்லது. மடிக்காமல் சுருட்டி, கோவை அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தின் ஜவுளி அருங்காட்சியகத்திலோ, சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்திலோ, உங்கள் ஊர் நெசவாளர் சங்கத்திலோ கேட்டுப் பாருங்கள். வாங்க மறுத்தால் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். அந்தச் சேலையின் ஒரு துண்டு வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள். தாளையும் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படிக்கிற பிள்ளைக்கு வேலை புரியும்.